கடைசிப் பந்தியும் ஸ்க்லெரோடெர்மாவும்

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன்: நான் டாக்டர் இல்லீங்க, பொட்டி தட்டற சாதாரண ஆளு. மருந்து மாத்திரை பத்தி இங்க எதுவும் கிடையாது. சாப்பாடு மட்டும்தான். அதுவும் நம்ம பாகூர், வில்லியனூர் பக்கத்து வீட்டுச் சாப்பாடு.

ஸ்க்லெரோடெர்மான்னு ஒரு வியாதி. கிரேக்கத்துல 'கெட்டித் தோல்'னு அர்த்தம். உடம்போட எதிர்ப்பு சக்தி குழம்பிப் போய் சொந்த உடம்பையே தாக்குது. கொலாஜன்ங்கற புரதம் அளவுக்கு மீறி சேர்ந்து தோல் இறுகுது. தோலோட நின்னா பரவாயில்லையே! உடம்பு முழுக்கப் பரவற வகையில பத்துல ஒன்பது பேருக்கு உணவுக்குழாய், வயிறு, குடல்னு எங்கயாவது பாதிப்பு இருக்கும். ஆம்பளைங்களை விட பொம்பளைங்களுக்குப் பல மடங்கு அதிகமா வருது, அதுவும் பெரும்பாலும் முப்பதுக்கும் அம்பதுக்கும் நடுவுல. அதாவது, ஒரு வீட்டுக்கே சமைச்சுப் போடற வயசுல.

இதுக்கு என்ன சாப்பிடலாம்னு எல்லாரும் லிஸ்ட் கேக்கறாங்க. லிஸ்ட் அப்புறம். அந்த வீட்டுல யார் முதல்ல சாப்பிடறாங்கன்னு முதல்ல பாருங்கங்கறேன் நான்.

ஏன்னு சொல்றேன். நாம முழுங்கினதைக் கீழ தள்ளறது உணவுக்குழாயோட தசை. இந்த வியாதியில அந்தத் தசை சோர்ந்து போகுது. வயித்துக்கு மேல இருக்கற வால்வும் தளர்ந்து போறதால அமிலம் மேல ஏறி வருது. பல பேருக்கு வயிறு காலியாகவே ரொம்ப நேரம் பிடிக்கும். அதனால கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாறு தடவை சாப்பிடணும், ராத்திரி சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவுல மூணு மணி நேரமாவது இருக்கணும், தலைப்பக்கம் அரை அடி உசரமா படுக்கணும். உலகம் பூரா டாக்டருங்க சொல்றது இதுதான்.

இப்ப நம்ம ஊர் வீட்டுக்கு வாங்க. பசங்க சாப்பிட்டாச்சு. மாமனார் மாமியார் ஆச்சு. ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்காரர் வந்து அவரும் ஆச்சு. மணி பத்து. அதுக்கப்புறம் அந்தம்மா குண்டான்ல மிச்சம் இருக்கறதைப் போட்டுக்கிட்டு, நாள் பூராவும் சேர்ந்த பசிக்கு ஒரே மூச்சுல சாப்பிட்டு, பச்சைத் தண்ணியில பாத்திரம் தேய்ச்சு, பத்தரைக்குப் பாயை விரிச்சா என்ன ஆகும்? நெஞ்செரிச்சல் மட்டும் இல்ல, ஏறி வர்ற அமிலம் நுரையீரலுக்குள்ளயும் போகலாம். குளிர்ந்த தண்ணி பட்டா இவங்களுக்கு விரல் வெளுத்து, நீலமாகி, அப்புறம் செவந்து வலிக்கும். ரேனாட்னு பேரு. ஆக, ஒரே ராத்திரியில ரெண்டு தண்டனை.

எங்க சித்தி பாகூர் பக்கம்தான். ஒரே வருஷத்துல பன்னெண்டு கிலோ குறைஞ்சாங்க. மாத்திரை ஒழுங்காத்தான் போட்டாங்க. அப்புறம் டாக்டர் சொல்லி, சாயங்காலம் ஆறரைக்கே சாப்பிட ஆரம்பிச்சாங்க. பெரிய கலவரம்! "ஆம்பளைங்க வர்றதுக்கு முன்னாடியே தட்டு போட்டாச்சா?"ன்னு அவங்க மாமியார் கேட்டாங்க. சித்தி பதில் சொல்லல. ஒரு வாரம் கூசிக்கிட்டு அடுப்படியில நின்னுக்கிட்டே சாப்பிட்டாங்க. சித்தப்பாதான், "நீ உக்காந்து சாப்பிடு, எனக்கு நானே போட்டுக்கறேன்"னாரு. பாத்திரமும் இப்ப அவர்தான் தேய்க்கறார். இதை எந்த மருந்துக் கடையில வாங்க முடியும் சொல்லுங்க?

சரி, லிஸ்ட்டுக்கு வருவோம். முழுங்க முடியலன்னதும் நம்ம வீடுகள்ல நேரா கஞ்சிக்குப் போயிடறாங்க. இறங்கறதுக்கு சுலபம்தான். ஆனா நீத்த கஞ்சியில முக்காவாசி தண்ணி. ரெண்டு டம்ளர்ல வயிறு ரொம்பிடும், சத்து ஒண்ணும் சேராது. கொஞ்சமா சாப்பிடற ஆளுக்கு ஒவ்வொரு வாயிலயும் ஏதாவது இருக்கணும். குழைச்ச பருப்பு சாதத்துல ஒரு ஸ்பூன் நெய், பால்ல ஊறின இட்லி, வேகவெச்ச முட்டை மசிச்சது, முள் எடுத்த மீன், குழையக் குழைய பொங்கல். பாகூரைப் புதுச்சேரியோட நெற்களஞ்சியம்னு பெருமையா சொல்றோம். அந்த அரிசியை வெறும் தண்ணியா கரைச்சுக் குடுத்தே ஆளை இளைக்க வைக்கறது என்ன நியாயம்?

இன்னொரு கூத்து, பக்கத்து வீட்டு சுகர்காரரோட டயட்டைக் கடன் வாங்கறது. நார்ச்சத்து சாப்பிடு, வாழைத்தண்டு சாப்பிடு, பச்சைக் காய்கறி சாப்பிடுன்னு ஒரே உபதேசம். அவருக்கு நல்லது. வயிறு மெதுவா வேலை செய்யற இவங்களுக்கு அந்த நார் அங்கயே தங்கி உப்புசம் பண்ணும். காய்கறி வேணாம்னு சொல்லல. தோல், விதை, நார் எடுத்து நல்லா வேகவெச்சு மசிச்சுக் குடுங்க. புளி, தக்காளி, காரம், காபி ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி. எது எரியுதுன்னு ஒரு நோட்டுல எழுதிவெச்சு அதை மட்டும் குறைச்சாப் போதும். மொத்தத்தையும் நிறுத்திட்டா ஆள்தான் இளைப்பாங்க. அதே மாதிரி ரத்தம் குறைஞ்சா உடனே முருங்கைக்கீரைன்னு கிளம்பாதீங்க. இந்த வியாதியில இரைப்பையில ரத்தம் கசியறதும் உண்டு, டாக்டர் பாக்கணும். வயித்துப்போக்கும் உப்புசமும் விடாம இருந்தா சிறுகுடல்ல கிருமி பெருகியிருக்கலாம். அதுக்கு மருந்து இருக்கு, பத்தியம் மட்டும் போதாது.

2020 கொரோனா நேரத்துல ஆரம்பிச்ச 'எதிர்ப்பு சக்தி' பொடி, லேகியம் எல்லாம் இன்னும் வீட்டுக்கு வீடு இருக்கு. இங்க எதிர்ப்பு சக்தி குறைஞ்சு போகலீங்க, திசை மாறிப் போயிருக்கு. அதைத் தூண்டிவிடறதா சொல்ற எதையும் டாக்டரைக் கேக்காம வாயில வைக்க வேணாம்.

சின்னச் சின்ன விஷயங்களும் இருக்கு. வாய் திறப்பு சுருங்கிடறதால பெரிய உருண்டை போகாது, சின்ன ஸ்பூன் வேணும். விரல் மடங்காதவங்களுக்கு ஸ்பூன் காம்புல துணி சுத்திக் குடுக்கலாம். 'கையால சாப்பிட்டாத்தான் ருசி'ங்கற பேச்சை எல்லாம் கொஞ்ச நாள் ஒத்தி வைங்க. கட்டில்னா தலைப்பக்கக் காலுக்குக் கீழ செங்கல் வைக்கலாம். பாயில படுக்கறவங்களுக்கு இடுப்புல இருந்தே சரிவா வர்ற மாதிரி மெத்தைக்கடியில மடிச்சு வைக்கணும். தலைகாணியை மட்டும் அடுக்கினா கழுத்துதான் மடங்கும், வயிறு அமுங்கும்.

கோரிமேட்டுல ஜிப்மர்ல கிளினிக்கல் இம்யூனாலஜின்னு இதுக்கான தனித் துறையே இருக்கு. அந்த வகையில நாம கொடுத்து வெச்சவங்க. ஆனா பாகூர்ல இருந்து விடிகாலை பஸ் ஏறி, புதுச்சேரியில வேற பஸ் மாறி, வரிசையில நின்னு, டெஸ்ட் குடுத்துத் திரும்பறதுக்குள்ள மத்தியானம் தாண்டிடும். அன்னிக்கு அஞ்சு வேளை எங்க, ஒரு வேளையே இல்ல. வெறும் வயித்துல டெஸ்ட் இல்லாத நாள்ல பிளாஸ்க்ல சத்துமாவுக் கஞ்சி, டப்பாவுல நாலு இட்லின்னு கூடவே எடுத்துட்டுப் போங்க. ஊசி குத்தற வரைக்கும் காத்திருக்கணும்னா, அது முடிஞ்சதும் அங்கயே உக்காந்து சாப்பிடுங்க.

பால் க்ளேன்னு ஒரு ஓவியர். 1935ல உடம்பு சரியில்லாம போச்சு, 1940 ஜூன் 29ல இறந்தார். அவருக்கு இருந்தது இந்த வியாதிதான்னு பிற்காலத்துலதான் கணிச்சாங்க. இப்ப அந்தத் தேதிதான் உலக ஸ்க்லெரோடெர்மா தினம். கெட்டி உணவு இறங்காம, அடுத்தவங்க பாக்கற மாதிரி சாப்பிடப் பிடிக்காம தனியா சாப்பிட்டாராம் மனுஷன். அப்படி இருந்தும் 1939ல மட்டும் ஆயிரத்து இருநூறுக்கு மேல வரைஞ்சிருக்கார்! அவர் வரைஞ்சதை விட அந்தத் தனிச் சாப்பாடுதான் எனக்கு உறுத்துச்சு. நம்ம ஊர் கல்யாணப் பந்திக்கு இவங்க வராம 'வயிறு சரியில்ல'ன்னு மழுப்பறது அதே கூச்சம்தான். மெதுவா சாப்பிடறாங்க, இடையில இருமறாங்க, பக்கத்து இலைக்காரர் எந்திரிச்சுப் போயிடறார். அவங்க முடிக்கிற வரைக்கும் பக்கத்துல உக்காந்து பேசிட்டிருக்கறதுக்கு நமக்கு என்ன செலவு?

கடைசியா ஒண்ணு. மாசம் ஒரு தடவை, ஒரே மிஷின்ல எடை பாத்து, தேதி போட்டு காலண்டர்ல எழுதுங்க. தொடர்ந்து ரெண்டு மாசம் இறங்கினா அடுத்த செக்கப் தேதி வரட்டும்னு உக்காந்திருக்காம கிளம்பிடுங்க. அந்தக் காலண்டரையும் கையோட எடுத்துட்டுப் போங்க.