வீட்டிலிருந்து உத்தியோகமா, வீட்டுச் சிறையா?

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ஊரடங்கு போட்டபோது, சென்னைக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் தங்கள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. இதனால் முதலாளிக்குக் கட்டட வாடகை மிச்சம். தொழிலாளிக்கு ரயில் சார்ஜும் விடுதிச் செலவும் மிச்சம். 500 கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பப் பெற்றோர் மறுக்கும் இராமநாதபுரத்துப் பெண்ணும் இருந்த இடத்திலேயே சம்பாதிக்கலாம். இம்முறையை நாம் வரவேற்கவே செய்கின்றோம்.

ஆனால், "பெண்களுக்கு ஏற்ற உத்தியோகம் இதுதான்" என்று சிலர் பூரிக்கின்றார்களே, அதன் அந்தரங்கம் என்ன? 2024-ல் மத்திய சர்க்கார் எடுத்த கணக்குப்படி, வீட்டுவேலை செய்கிறவர்களில் பெண் நாளொன்றுக்கு 289 நிமிஷமும், ஆண் 88 நிமிஷமும் அதற்குச் செலவிடுகின்றனர். இந்த 289-ல் ஒரு நிமிஷமும் குறைக்காமல், அதன்மேல் 8 மணி நேர உத்தியோகத்தையும் ஏற்றிவைப்பதற்குப் பெயர் சௌகரியமா? வீட்டில் ஆண் கம்ப்யூட்டரைத் திறந்தால், "சத்தம் போடாதீர்கள்" என்கிறார்கள். பெண் திறந்தாலோ, "உலை கொதிக்கிறது, பார்" என்கிறார்கள். இது என்ன நியாயம்?

இராமேஸ்வரத்தின் 22 தீர்த்தங்களிலும் முழுகினாலும் இந்தப் பாரம் கரையாது. ஆண் அடுப்பங்கரையில் இறங்கினால்தான் கரையும். வீட்டுவேலை சரிபாதியாகட்டும், சம்பளம் அவள் கையிலேயே இருக்கட்டும். வெளியே போய் வேலை செய்ய விரும்பினால், கதவும் திறந்திருக்கட்டும். இம்மூன்றும் இல்லாத வரை அது சம்பளம் தரும் சிறையே!