நெகிழ்வு யாருக்கு, சுமை யாருக்கு?

தனியாகத் தொழில் செய்வோரும் புதிதாகத் தொழில் தொடங்குவோரும் மேசை ஒன்றை மாத வாடகைக்கு எடுத்துக்கொள்ளும் இடமாகவே ‘கோ-ஒர்க்கிங்’ எனப்படும் பகிர்வுப் பணியிடங்கள் நம் நாட்டில் அறிமுகமாயின. இன்று அவற்றின் முதன்மை வாடிக்கையாளர்கள் பெருநிறுவனங்கள். வங்கிகளும் மென்பொருள் நிறுவனங்களும் பன்னாட்டு நிறுவனங்களின் சேவை மையங்களும் நூற்றுக்கணக்கான இருக்கைகளை மொத்தமாக எடுக்கின்றன. ஆஃபிஸ் நிறுவனம் 2024 மே மாதத்திலும், ஸ்மார்ட்வொர்க்ஸ், இண்டிகியூப் ஆகியவை 2025 ஜூலையிலும், வீவொர்க் இந்தியா அதே ஆண்டு அக்டோபரிலும் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டன. இத்துறை எவ்வளவு வளர்ந்துள்ளது என்பதற்கு இதுவே சான்று.

பெருநிறுவனங்கள் இவ்வழியை நாடுவதற்கான காரணம் எளிமையானது. ஒரு கட்டடத்தை நேரடியாகக் குத்தகைக்கு எடுத்தால், ஒப்பந்தம் பெரும்பாலும் ஒன்பது ஆண்டுகளுக்கு நீளும். முதல் சில ஆண்டுகளுக்கு வெளியேற இயலாது. பல மாத வாடகையை முன்பணமாகக் கட்ட வேண்டும். மேசை, குளிர்சாதனம், மின்னாக்கி, இணைய வடம் என உள்வேலைகளுக்குத் தனியே பெருந்தொகை வேண்டும். பகிர்வுப் பணியிடத்தில் இவை அனைத்தும் ‘ஓர் இருக்கைக்கு மாதம் இவ்வளவு’ என்ற ஒரே கட்டணத்தில் அடங்கிவிடுகின்றன. ஆள் கூடினால் இருக்கையைக் கூட்டலாம். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் குறைத்துக்கொள்ளலாம். கரோனாவுக்குப் பின், வாரத்தில் சில நாட்கள் அலுவலகம், சில நாட்கள் வீடு என்ற முறை நிலைத்துவிட்டதால், எத்தனை இருக்கைகள் தேவை என்பதை நிறுவனங்களாலேயே முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. அந்த நிச்சயமின்மைக்கு அவை கண்ட தீர்வுதான் இது.

ஆனால், நிச்சயமின்மை இதனால் மறைந்துவிடுவதில்லை, கைமாறுகிறது, அவ்வளவே. 2010இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட வீவொர்க் நிறுவனம், 2019 தொடக்கத்தில் 4,700 கோடி டாலர் மதிப்புடையதாகக் கணிக்கப்பட்டது. கட்டட உரிமையாளர்களிடம் நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்து, வாடிக்கையாளர்களுக்குக் குறுகிய காலத்துக்கு விடுவதே அதன் வணிகம். வாடிக்கையாளர் போய்விடலாம், வீவொர்க் போக முடியாது. அந்த இடைவெளியில் சிக்கிய நிறுவனம், 2023 நவம்பரில் திவால் பாதுகாப்பு கோரியது. பல குத்தகைகளைக் கைவிட்டும், பலவற்றின் வாடகையைக் குறைத்தும் 2024 ஜூனில்தான் மீண்டது. பெருநிறுவனங்கள் அனுபவித்த நெகிழ்வுக்கான விலையைக் கடைசியில் கட்டட உரிமையாளர்களும் முதலீட்டாளர்களும் கொடுத்தார்கள். தனியே இயங்கும் வீவொர்க் இந்தியா அந்தத் திவாலில் சிக்கவில்லை. வாடிக்கையாளரையும் குறைந்தபட்ச காலத்துக்குக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்களை இந்திய நிறுவனங்கள் கையாள்கின்றன என்பதும் உண்மை. ஆனாலும், அடிப்படைக் கணக்கு மாறவில்லை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தவர்க்கு இந்தக் கணக்கைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. கூலி நெசவை அறிந்த ஊர் இது. ஜவுளி முதலாளி பாவும் நூலும் கொடுப்பார். தறியும் அது நிற்கும் இடமும் நெசவாளருடையவை. சந்தை நன்றாக இருந்தால் தறி ஓடும். சேலை தேங்கினால் பாவு வராது. முதலாளிக்குத் தறி வாங்கிய கடனும் இல்லை, தறி நின்ற நட்டமும் இல்லை. அவருடைய நெகிழ்வு, நெசவாளர் வீட்டில் வெறுந்தறியாக நிற்கும். பகிர்வுப் பணியிடத்தை நம் பகுதிக்குக் கேட்பதற்கு முன், வெறுந்தறி யார் வீட்டில் நிற்கப்போகிறது என்று நாம் கேட்டாக வேண்டும்.

கேட்பதற்கு நமக்குத் தேவை இருக்கிறது. 2018இல் மத்திய அரசு அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்களில், தமிழகத்தில் இடம்பெற்றவை விருதுநகரும் ராமநாதபுரமும். மழையை நம்பிய கரிசல் விவசாயம், கண்மாய்ப் பாசனம், சீமைக்கருவேல் கரிமூட்டம் ஆகியவற்றுக்கு அப்பால் திருச்சுழி, நரிக்குடிப் பகுதிகளில் படித்தவர்களுக்கான வேலை மிகக் குறைவு. பட்டம் பெற்றவர் மதுரைக்கோ, கோவைக்கோ, சென்னைக்கோ போகிறார். ஊரிலேயே இருந்தாக வேண்டிய சூழலில் உள்ள பெண், படிப்புக்கேற்ற வேலையைக் கைவிடுகிறார்.

சிற்றூருக்கு அலுவலகம் வராது என்ற வாதம் காலாவதியாகிவிட்டது. 2011இலேயே ஸோஹோ நிறுவனம் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் தொடங்கியது. அது இருக்கையை வாடகைக்கு எடுக்கவில்லை, ஊரில் வேரூன்றியது. அரசுத் தரப்பில், 2024 பிப்ரவரியில் விழுப்புரத்தில் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 63,000 சதுர அடி கொண்ட சிறிய டைடல் பூங்காவைத் தொடர்ந்து, தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடியிலும் அத்தகைய பூங்காக்கள் வந்தன. சென்னை கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம், பகிர்வுப் பணியிடத்தை அரசே நடத்த முடியும் என்று காட்டியது. கேரள அரசு ‘வீட்டருகே வேலை’ திட்டத்தின் முதல் மையத்துக்குக் கொட்டாரக்கரையைத் தேர்ந்தெடுத்தது. 2021 தேர்தலில் அத்தொகுதியில் வென்ற கே.என். பாலகோபால்தான் அம்மாநில நிதியமைச்சரானார். அதே தேர்தலில் திருச்சுழியில் வென்ற தங்கம் தென்னரசு, 2023இல் தமிழகத்தின் நிதித்துறைப் பொறுப்பை ஏற்றார். எனவே, கொட்டாரக்கரையில் செய்ய முடிந்ததை இங்கே ஏன் செய்ய முடியாது என்று கேட்பது நியாயமே.

என் யோசனை பெரிய கண்ணாடிக் கட்டடம் அன்று. அருப்புக்கோட்டையில் பேருந்து நிலையத்திலிருந்து எளிதில் சென்றடையும் இடத்தில், நூறு இருக்கைகள் கொண்ட மையம் ஒன்று போதும். மதுரை – தூத்துக்குடி நெடுஞ்சாலையும், திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரைக்குச் செல்லும் ரயில் பாதையும் அங்கே உள்ளன. கட்டடத்தின் நீண்ட காலச் சுமையை அரசு ஏற்க வேண்டும். உள்ளூர்க் கட்டட உரிமையாளர்மீதோ, சிறு முதலீட்டாளர்மீதோ அதை ஏற்றக் கூடாது. தடையற்ற மின்சாரம், இரு வேறு தடங்களில் இணைய இணைப்பு, குழந்தைகள் காப்பகம், பணி நேரத்தை ஒட்டிய பேருந்து ஆகியவை வேண்டும். இவை இல்லாவிட்டால் மற்றவை வீண்.

இதற்கு ஈடாக நிறுவனங்களிடமும் ஒன்றைக் கேட்க வேண்டும். மாதம் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் ஊதியம் தரும் புதிய வேலைகளை உருவாக்கும் பன்னாட்டு நிறுவனங்களின் மையங்களுக்கு, முதல் ஆண்டில் 30%, அடுத்த இரு ஆண்டுகளில் 20%, 10% என ஊதிய மானியத்தைத் தமிழக அரசு 2024இல் அறிவித்தது. இத்தகைய சலுகை பெறும் நிறுவனங்கள், தங்கள் இருக்கைகளில் சிறு பங்கையாவது பின்தங்கிய மாவட்ட மையங்களில் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என நிபந்தனை விதிக்கலாம். கட்டாயப்படுத்தினால் நிறுவனங்கள் அண்டை மாநிலத்துக்குப் போய்விடும் என்பார்கள். நூறு பேரில் ஐவர் தம் ஊருக்கு அருகிலிருந்து வேலை செய்யட்டும் என்று கேட்பதற்காக, மானியத்தை விட்டுவிட்டு எந்த நிறுவனமும் ஓடிவிடாது.

எத்தனை இருக்கைகள் நிரம்பின, எவ்வளவு காலம் நிரம்பியிருந்தன, அவற்றில் உள்ளூர்ப் பெண்கள் எத்தனை பேர் என்ற விவரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசு வெளியிட வேண்டும். திறப்பு விழாவன்று வரும் நிறுவனத்தைவிட, மூன்றாம் ஆண்டிலும் விளக்கை ஏற்றி வைத்திருக்கும் நிறுவனமே நமக்குத் தேவை.