பழைய வீட்டை இடிக்குமுன் கூரையைப் பாருங்கள்



மின்சக்திச் சிக்கனம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், “வீணாக எரியும் மின்குமிழை அணைக்க வேண்டும்” என்றுதான் உங்களிற் பலர் தொடங்குகிறீர்கள். அது பிழையன்று. ஆனால் மின்குமிழை அணைத்த பின்னரும் புழுக்கம் தாங்காமல் விடியும்வரை மின்விசிறி சுழல்கின்றதே, அந்தப் புழுக்கம் எங்கிருந்து வருகின்றது? பழைய வீட்டில் வசிப்போர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி இதுவே என்பது எனது கருத்து.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவே திறந்த முற்றம், சுற்றிவரத் தாழ்வாரம், சுண்ணாம்புச் சாந்தினாற் கட்டிய தடித்த சுவர், பனஞ்சிலாகையின் மேல் ஓடு. சூடேறிய வளி மேலெழும் என்று மேற்காவுகைப் பாடத்திற் படித்திருப்பீர்கள். அவ்வளி ஓட்டு இடுக்காலும் சுவரின் மேற்றுவாரங்களாலும் முற்றத்தாலும் வெளியேற, நிழலிலுள்ள தாழ்வாரத்துக் குளிர்ந்த வளி உள்ளே வரும். இதற்கு ஓர் அலகு மின்சாரமும் தேவையில்லை.

பின்னர் நாம் என்ன செய்தோம்? தூசி வருகின்றதென்று துவாரங்களைச் சீமெந்தால் அடைத்தோம். மழைச்சாரல் அடிக்கின்றதென்று முற்றத்தைத் தகரத்தால் மூடினோம். முன்பக்கத்திற்குக் கொங்கிறீற்றுத் தட்டுப் போட்டோம். (தட்டு வீடுதான் கௌரவம் என்ற எண்ணம் எமக்கு எப்படி வந்ததோ தெரியவில்லை.) அத்தட்டு பகலில் வாங்கிய வெப்பத்தை, நாம் படுக்கும் நேரத்தில் உள்ளே கதிர்க்கின்றது. போரிற் கூரையிழந்த வீடுகளுக்கு அகப்பட்ட தகரத்தைப் போட்டவர்களை நான் குறைகூறமாட்டேன்; அன்று தலைக்கு மேல் ஏதாவது இருந்தாற் போதும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 75 வாற்று மின்விசிறியொன்று நாளுக்கு 10 மணித்தியாலம் இயங்கினால் 0.75 அலகு, 30 நாளில் 22.5 அலகு. இரண்டு மின்விசிறிகளுக்கு 45 அலகு. மின்கட்டணம் 2022 ஓகஸ்ற்றில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்த்தப்பட்டது. பின்னர் குறைந்தும் கூடியும் வந்துள்ளது. இத்திருத்தங்களில் மாதப் பாவனை 60 அலகைத் தாண்டிய வீட்டுக்கு, முதல் அலகிலிருந்தே கூடிய விலை அறவிடப்பட்டது. எனவே 62 அலகு பாவிக்கும் வீட்டில் மூன்று அலகைக் குறைத்தால், மிச்சமாவது மூன்று அலகின் பணம் மட்டுமன்று.

வெளிநாட்டிலிருந்து பணம் வந்தவுடன் சிலர் ஏ.சி. இயந்திரம் பூட்டுகின்றனர். அதற்காக அறையின் எல்லா வாயில்களையும் அடைக்கவேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே, அப்படியொரு நாளில் அடைத்த அறைக்குள் யார் இருப்பார்? அந்தப் பணத்தின் ஒரு பகுதியைக் கூரைக்குச் செலவிடுவதே புத்தி.

அடைத்த துவாரங்களைத் திறந்து நுளம்பு வலை அடிக்கலாம். முற்றத்துத் தகரத்தைக் கழற்ற மனமில்லாவிட்டால், சற்று உயர்த்தி நாற்புறமும் இடைவெளி விடலாம். கொங்கிறீற்றுத் தட்டுக்கு வெள்ளை பூசலாம், அல்லது மேலே கிடுகுப் பந்தல் போடலாம். மாலை வெயில் படும் மேற்குச் சுவரோரம் ஒரு கொடித்தோடைப் பந்தல் போட்டால் சுவர் சுடாது, பழமும் கிடைக்கும். உள்ளறை இருட்டுக்கு இரண்டு கண்ணாடி ஓடு போதும். பகலில் மின்குமிழ் வேண்டியதில்லை. இரவில் 60 வாற்று இழைக்குமிழின் வேலையை 9 வாற்று எல்.ஈ.டி. குமிழே செய்துவிடும். கல்நார்த் தகட்டுக் கூரையாயின் அதிற் கைவைக்க வேண்டாம். வெட்டினாலோ துளைத்தாலோ பறக்கும் தூசு சுவாசப்பைக்குக் கேடு. ஏறினால் தகடு உடைந்து விழவும் கூடும். பழைய மின்வயர்களையும் தகுதியுள்ள மின்னிணைப்பாளரே பார்க்கவேண்டும்.

எல்லாப் பழைய வீட்டையும் காப்பாற்றலாம் என்று நான் வாதிடவில்லை. கறையான் அரித்த சிலாகையை மாற்றச் செலவு அதிகம். ஓடு பிரித்து அடுக்கத் தெரிந்தவர்களும் அருகிவிட்டனர். ஆயினும் “பழைய வீடு என்றால் புழுக்கம்” என்று சொல்லி இடிப்பவர்களிற் பலர், புழுக்கம் தாம் அடைத்த துவாரத்தால் வந்ததென்பதை அறியாமலே இடிக்கின்றனர்.

உங்கள் வீட்டில் இது உண்மையா என்று நீங்களே பார்க்கலாம். இன்று மாலை 6 மணிக்கு மின்மானியின் வாசிப்பைக் குறியுங்கள். நாளைக் காலை 6 மணிக்கும் குறியுங்கள். ஒரு வாரம் இப்படி எழுதியபின், அப்பாவிடமோ மாமாவிடமோ சொல்லி ஓர் அறையின் மேற்றுவாரத்தைத் திறப்பித்து, அடுத்த வாரமும் எழுதுங்கள். இரண்டு வார எண்களையும் ஒரே தாளில் அருகருகே வைத்து வீட்டாருக்குக் காட்டுங்கள்.