தூண்டில் முனையிலா சாந்தி?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளம் பக்கம், ஏரிக்கரை ஒன்றில் அண்மையில் நாம் கண்ட காட்சியே இக்கட்டுரைக்குக் காரணம். நம் சமுதாயத்துப் பிள்ளைகள் நால்வர் விலையுயர்ந்த தூண்டில்களுடன் நின்றிருந்தனர். ஒருவர் கையில் ஒரு கெண்டை. கைப்பேசியில் படம் எடுத்து முடியும் வரை அது வாய் பிளந்து துடித்தது. பிறகு அதை நீரில் விட்டனர். “குழம்புக்கு இல்லையா தம்பி?” என்று கேட்டோம். “இல்ல மாமா, பிடிச்சு விட்டுடுவோம். மனசுக்கு ஒரு நிம்மதி. மீனுக்கும் உயிர் போகல” என்றார். அதை ரஹ்மத் என்றே அவர் உளமார நம்பினார். அதற்குள் அஸருடைய வக்து முடியும் தறுவாய்க்கு வந்திருந்தது.

அந்தப் பிள்ளைகளைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர்களுக்கு இக்கருத்தை ஊட்டியவர்களோடுதான் நமக்கு வழக்கு. தூண்டில் பிடிப்பது மன அமைதிக்கு வழி, பிடித்த மீனை விட்டுவிடுவது கருணையின் உச்சம் என்ற பேச்சு இன்று எங்கும் பரவி வருகிறது. இதில் பாதி உண்மை, பாதி பிழை. இரண்டையும் பிரித்தறிவது நம் கடமை.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுவோம். இறகையும் நூலையும் கொண்டு ஈயைப் போன்ற பொய்யிரை கட்டி, நீர்மேல் வீசி மீன் பிடிப்பதை மேலைநாட்டார் ‘ஃப்ளை ஃபிஷிங்’ என்பர். தூண்டில் பிடித்தலைச் சிந்தனையாளனின் பொழுதுபோக்காகப் போற்றிய ஐசக் வால்டனின் ஆங்கில நூல் 1653 இலேயே வெளிவந்தது. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீளும் பெண்களுக்கு இக்கலையைக் கற்பிக்கும் அமைப்பு அமெரிக்காவில் 1996 இல் தோன்றியது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் கைக்கும் தோளுக்கும் அவ்வீச்சு இதமான பயிற்சி ஆகிறது. போரில் காயமுற்று, உள்ளமும் சிதைந்த படைவீரர்களை ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லும் பணியும் அங்கே 2005 முதல் நடைபெறுகிறது. ஓடும் நீரும் ஓசையின்மையும் காத்திருப்பும் மனிதனைத் தேற்றுகின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. பொய்யிரையில் இன்னொரு நன்மையும் உண்டு. உயிருள்ள புழுவைத் துடிக்கத் துடிக்கத் தூண்டில் முள்ளில் கோப்பதை நம் மார்க்க அறிஞர்கள் வெறுத்துள்ளனர். இறகு ஈயில் அந்தக் குற்றம் இல்லை. நம் ஊரார் உருட்டிப் போடும் மைதா மாவிலும் இல்லை.

பிழை எங்கே தொடங்குகிறது? மீனை உணவாகக் காணாமல், விளையாட்டில் எதிராளியாகக் காணும்போது தொடங்குகிறது. இப்பார்வை நம் நாட்டிலும் புதிதன்று. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி எச். எஸ். தாமஸ், இந்தியக் குளங்களில் தூண்டிலிடுவதற்கென்றே ஒரு நூல் எழுதி 1887 இல் வெளியிட்டார். நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் இல்லாத ட்ரவுட் மீனை, வெள்ளையர் தம் தூண்டில் விளையாட்டுக்காகக் கடல் கடந்து கொணர்ந்து வளர்த்தனர். மீன் போராட வேண்டும், அதை அடக்குவதில் இன்பம் காண வேண்டும் என்பதே அவ்விளையாட்டின் உயிர். அப்போராட்டம் மீனுக்கு விளையாட்டன்று, உயிர்ப் பயம்.

“மீனுக்கு வலி தெரியாது” என்பார் சிலர். ட்ரவுட் மீனின் தலையிலும் வாய்ப்பகுதியிலும் வலியுணரும் நரம்பு முனைகள் இருப்பதை பிரிட்டன் ஆய்வாளர்கள் 2003 இல் வெளியிட்டனர். விட்டுவிடும் எண்ணத்துடனேயே மீன் பிடிப்பதை சுவிட்சர்லாந்து தன் 2008 ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகளில் தடை செய்தது. ஆயினும் நமக்கு ஆய்வுக்கூடத்தின் சான்று வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு பறவையைக் கட்டிவைத்து அம்பெய்து கொண்டிருந்த வாலிபர்கள், இப்னு உமர் (ரலி) வருவதைக் கண்டு சிதறி ஓடினர். உயிருள்ள ஒன்றை இலக்காக்குவோரை நபி (ஸல்) அவர்கள் சபித்திருப்பதை அவர் எடுத்துரைத்தார். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி உள்ளது. இறகு அம்புக்கும் இறகு ஈக்கும் எவ்வளவு தூரம் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

“கொல்வதைவிட விடுவது மேலன்றோ?” என்று வினவலாம். கேட்பதற்கு இனிமையான வாதம்தான். ஆனால் நீர்வாழ் உணவை நமக்கு ஹலாலாக்கியவன் மீனைப் படைத்தவனே. உண்பதற்காகப் பிடிப்பவன் அவன் தந்த அனுமதியினுள் நிற்கிறான். வதைத்து மகிழ்வதற்கு எந்த அனுமதியும் தரப்படவில்லை. வெறும் கேளிக்கைக்காக வேட்டையாடுவதை ஃபிக்ஹு அறிஞர்கள் வெறுத்ததன் காரணம் இதுவே. சிறு குஞ்சோ சினை மீனோ தவறிச் சிக்கினால் உடனே மெல்ல விடுவித்தல் நன்று. அங்கே நிய்யத் வேறு. விடுவதற்கென்றே பிடிப்பது, காயப்படுத்திவிட்டு மன்னித்ததாகப் பெருமை கொள்வதாகும்.

வேட்டையைத் துரத்துபவன் பராமுகத்தில் வீழ்வான் என்ற கருத்தில் அமைந்த நபிமொழியும் உண்டு. அன்று கரையில் நழுவிக் கொண்டிருந்த அஸரை நினைவு கூருங்கள். தொழுகையை மறக்கடிக்கும் நிம்மதி எத்தகைய நிம்மதி?

அவ்வாறெனில் தூண்டிலை முறித்தெறிய வேண்டுமா? இல்லை. மீனும் காத்திருப்பும் நம் மார்க்கத்துக்கு அந்நியமானவை அல்ல. ஜும்ஆ நாளில் நாம் ஓதும் கஹ்ஃபு அத்தியாயத்தை எண்ணிப் பாருங்கள். இரு கடல்கள் கூடுமிடத்தில், உணவுக்கென எடுத்துச் சென்ற மீன் கைநழுவிக் கடலில் சென்றது. மூஸா (அலை) அவர்கள் தேடிய ஞானத்தின் இடம் அதுவே என்பதற்கு அம்மீன் அடையாளமாயிற்று. அங்கே ஹிழ்ர் (அலை) அவர்கள் முதலில் வைத்த நிபந்தனை பொறுமை. அஃராஃப் அத்தியாயத்தில் கடற்கரை ஊரார் இதற்கு நேர்மாறாக நின்றனர். சனிக்கிழமை மட்டும் காத்திருக்கச் சொன்ன கட்டளையைத் தந்திரத்தால் மீறினர், அழிந்தனர். மீன் ஒன்றே. ஒரு சாராருக்கு அது அறிவின் வாசல், மற்றவருக்கு அழிவின் வாசல். இடையிலிருந்த வேறுபாடு ஸப்ர்.

சாந்தியோடு புரிந்துணர்வும் கரையில்தான் பிறக்கிறது. ஐயங்கார்குளத்தின் பெருங்குளம், விஜயநகரக் காலத்து வைணவப் பெரியார் தாத்தாச்சாரியாரின் பெயரோடு இணைந்தது; கரையில் சஞ்சீவிராயர் கோயில் உள்ளது. கோயிலை ஒட்டிய நீரில் தூண்டிலிடுவது அவ்வூராரின் மனத்தை நோகச் செய்யுமாயின், விலகி நிற்பதே நமக்கு அழகு. அண்மையிலுள்ள உத்திரமேரூரில், ஏரியைக் காப்பதற்கென்றே குடவோலை முறையில் ‘ஏரி வாரியம்’ தேர்ந்தெடுத்ததை, 919, 921 ஆம் ஆண்டுகளின் பராந்தக சோழன் கல்வெட்டுகள் கூறுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பலர் உழைத்துக் காத்த நீர் இது. நீரில் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்பது நபிவழி. அதே வேளையில், ஏரியின் மீன்பாசியைக் குத்தகைக்கு எடுத்துக் குஞ்சு விட்டு வளர்த்தவரின் ஹக்கும் அங்கே இருக்கிறது. அவரிடம் கேளாமல் பிடித்த மீன் நம் சட்டியில் எப்படி பரக்கத் ஆகும்?

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். தூண்டிலை வீண்வேலை என்று ஏசி, அதே பிள்ளையை அறைக்குள் கைப்பேசியோடு விட்டுவிடுவதால் எப்பயனும் இல்லை. முதலில் குத்தகைதாரரிடம் அனுமதி கேட்கக் கற்பியுங்கள். ஆழம் எங்கே, சேறு எங்கே என்று ஊர்ப் பெரியவரிடம் கேட்கச் செய்யுங்கள். அக்கேள்வியில் ஓர் உறவு தொடங்கும். மாவு உருண்டையை முள்ளில் வைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லித் தக்கையைப் பார்த்து அமைதியாய் அமருங்கள். ஒரு வேளைக் குழம்புக்குக் கிடைத்தால் எழுந்துவிடுங்கள். பிடித்ததை மண்ணில் துடிக்க விட்டு வேடிக்கை பார்க்க வேண்டாம். ஒரு பங்கைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். ஒன்றும் கிடைக்காவிடில் ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் என்பதைப் பிள்ளை அன்று கற்றுக்கொண்டது என்று மகிழுங்கள். பாங்கு கேட்டால் தூண்டிலைச் சுருட்டுங்கள்.

தூண்டில் முள்ளில் சாந்தி இல்லை. தக்கை அசையும் வரை காத்திருக்கும் உள்ளத்திலும், போதும் என்று எழும் கால்களிலும் அது இருக்கிறது. அத்தகைய பொறுமையையும், வாயில்லா ஜீவன்கள் மீதான இரக்கத்தையும் நமக்கும் நம் சந்ததிகளுக்கும் வல்ல ரஹ்மான் நஸீபாக்குவானாக! ஆமீன்.