ஒன்றாம் வகுப்புப் பாடநூல் கேட்பது ஒன்று, நாம் திணிப்பது வேறொன்று



மஃரிப் தொழுகை முடிந்தபின் நம் தெருக்களில் சற்று நடந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு ஓர் ஆறு வயதுப் பிள்ளை நோட்டின் மேல் கவிழ்ந்து கிடக்கும். ஒரே ஆங்கிலச் சொல்லைப் பத்து முறை எழுத வேண்டும். அது முடிந்தால் ஒன்றிலிருந்து நூறு வரை எண்கள். பிறகு பொது அறிவுப் புத்தகத்திலுள்ள நாடுகளின் தலைநகரங்கள். அருகில் அமர்ந்திருக்கும் தாய் பாதி கெஞ்சுவார், பாதி மிரட்டுவார். பிள்ளை தூங்கி வழியும். இதைத்தான் கல்வி என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

இந்தத் துன்பத்தை அந்தப் பிள்ளையின் பாடநூல் கேட்கவே இல்லை என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

தொடக்க வகுப்புப் பாடநூல்களை நம்மில் எத்தனை பேர் பொறுமையாகத் திறந்து பார்த்திருக்கிறோம்? தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் ஒன்றாம் வகுப்புக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் ஆகியவை மட்டுமே உண்டு. தேசியப் பாடநூல் நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. முதலிரண்டு வகுப்புகளுக்கு மொழியையும் கணக்கையும் தவிர வேறு பாடநூல் வைக்கவில்லை. படத்தைப் பார்த்துப் பேசுதல், கதை கேட்டல், பாட்டை ஓசையோடு பாடுதல், பொருள்களை இனம் பிரித்து எண்ணுதல் ஆகியவற்றிலிருந்தே அந்நூல்கள் தொடங்குகின்றன. மூன்று முதல் எட்டு வயது வரையிலான கல்விக்கென 2022இல் வெளியான தேசியக் கலைத்திட்டச் சட்டகம், மொழி கற்பித்தலில் பேச்சை முதலிலும் எழுத்தைக் கடைசியிலும் வைக்கிறது. கணக்கிலும் பேச்சுக்கும் விளையாட்டுக்கும் தனி இடம் ஒதுக்குகிறது.

இவற்றின் நோக்கம் எளியது. பிள்ளை தான் கண்டதைத் தன் சொல்லில் சொல்ல வேண்டும். பிறர் சொல்வதைக் கேட்டுப் பொருள் கொள்ள வேண்டும். ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு அதற்குப் பிடிபட வேண்டும். ஐந்து என்றால் தாளில் வரையும் ஒரு வளைவு மட்டுமன்று, கையில் அள்ளிய ஐந்து புளியங்கொட்டைகள் என்பது அதன் விரல்களுக்குத் தெரிய வேண்டும். இவ்வளவுதான். ஆனால், இந்த அடித்தளம் இல்லாமல் மேலே எழுப்பும் எந்தச் சுவரும் நிற்காது.

நம் தனியார் பள்ளிகளில் நடப்பதென்ன? நாலு நூலுக்குப் பதில் பத்து நூல். பொது அறிவுக்கொன்று, கணினிக்கொன்று, கையெழுத்துக்கொன்று, நல்லொழுக்கத்துக்கொன்று. நம் சமுதாயத்தவர் நடத்தும் பள்ளிகள் பலவும் இதற்கு விதிவிலக்கல்ல. இத்தனைக்கும், சி.பி.எஸ்.இ. பள்ளிகள் தொடர்பான வழக்கில் 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது, மொழியும் கணக்கும் தவிர வேறு பாடங்களைச் சுமத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசு, இவ்வகுப்புப் பிள்ளைகளின் புத்தகப் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாதென்று சுற்றறிக்கை விட்டது. இன்றிரவு உங்கள் வீட்டுப் பையைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

பள்ளி நிர்வாகத்தைக் கேட்டால், "பெற்றோர்தான் கேட்கிறார்கள்" என்பார்கள். அந்தப் பதிலில் உண்மை இருக்கிறது என்பதே நமக்குச் சுடுகிறது. டைரியில் வீட்டுப்பாடம் இல்லாத நாளில் ஆசிரியையிடம் முறையிடப் போவது நாம்தான். விருந்தினர் முன் பிள்ளையை நிறுத்தித் தலைநகரங்களை ஒப்பிக்கச் சொல்லிப் பெருமைப்படுவதும் நாம்தான். 2022 முதல் அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின்கீழ் பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, ஆடல் பாடல் செயல்பாடுகளோடு கற்பிக்க முயல்கிறார்கள். குறைகள் இருக்கலாம். எனினும் பாடநூலின் நோக்கத்தை மதிக்கும் முயற்சி அது. நாமோ கடன் வாங்கிக் கட்டணம் கட்டி, அதற்கு நேரெதிரானதை விலைக்கு வாங்குகிறோம்.

இது நம் மார்க்கம் காட்டிய வழியுமன்று. அபூ உமைர் என்ற சிறுவர் வளர்த்த குருவி இறந்துபோனபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தச் சிறுவரைப் பெரியவர்களை அழைப்பதுபோல் அழைத்து, குருவி என்னவாயிற்று என்று விசாரித்ததை ஸஹீஹான ஹதீஸ்களில் படிக்கிறோம். உம்மத்தின் சுமையெல்லாம் தோளில் இருந்தபோதும், ஒரு குழந்தைக்கு எது பெரிதோ அதைப் பற்றி அதனோடு பேச அவர்களுக்கு நேரம் இருந்தது. பாடநூல் கேட்கும் உரையாடலும் இத்தகையதே. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில், பாடம் முடிந்து வரும் பிள்ளையை விளையாட விட வேண்டும், இடைவிடாத படிப்பு அதன் உள்ளத்தை மரிக்கச் செய்து அறிவை மழுங்கடிக்கும் என்று எச்சரித்திருக்கிறார்கள். கடுமையாக நடத்தப்படும் மாணவன் பொய்யையும் பாசாங்கையும் கற்கிறான் என்று இப்னு கல்தூன் முகத்திமாவில் எழுதினார்.

நம் மக்தபைப் பாருங்கள். உஸ்தாத் ஓதுகிறார், பிள்ளை கேட்டு ஓதுகிறது. செவியும் நாவும் முதலில், எழுதுகோல் பிறகு. நூற்றாண்டுகளாக நம் கையில் இருந்த முறையைப் பள்ளி வாசலில் மட்டும் ஏன் மறந்தோம்?

"ஆங்கிலத்தில் பின்தங்கிவிடுவார்களே" என்பார்கள். ஆங்கிலம் வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. தாய்மொழியில் ஒரு நிகழ்ச்சியைக் கோவையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இரண்டாவது மொழி எளிதாக வரும். தமிழில் பேசினால் அபராதம் என்று வாயைக் கட்டிய பிள்ளைக்கு இரண்டுமே அரைகுறையாகும். இதன் விளைவை இப்போதே காண்கிறோம். ஜும்ஆ பயான் புரியாமல் கைப்பேசியைத் தடவும் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். அப்துல் ஹமீத் பாகவி (ரஹ்) அவர்கள் வாழ்நாளைச் செலவிட்டுத் தந்த குர்ஆன் தமிழாக்கம் வீட்டு அலமாரியில் இருக்க, அதில் ஒரு பக்கத்தைத் தடையின்றிப் படிக்க முடியாத பட்டதாரிகள் நம்மிடையே இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் அஞ்சாமல் சொல்ல வேண்டும். தான் பேசினால் பெரியவர்கள் செவிகொடுப்பார்கள் என்று அறியாத பிள்ளை, தனக்கு ஒரு தீங்கு நேர்ந்தாலும் வாய் திறப்பதில்லை. பார்த்து எழுத மட்டுமே பழக்கிய பிள்ளைக்குத் தன் துயரைச் சொல்லச் சொற்கள் எங்கிருந்து வரும்?

ஆகவே பெற்றோரே, இந்த ஆண்டு பள்ளிக்குச் செல்லும்போது ஒரு கேள்வியை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்: அரசு வகுத்த நூல்களுக்கு மேல் இத்தனை நூல்கள் எதற்கு? ஒருவராய்க் கேட்டால் புன்னகைத்து அனுப்புவார்கள், பத்துப் பேராய்க் கேட்டால் பதில் சொல்வார்கள். நம் பள்ளிகளின் நிர்வாகிகளே, அல்லாஹ் உங்களிடம் ஒப்படைத்த அமானிதம் பிள்ளைகள். மற்றவர்கள் மாறட்டும் என்று காத்திராமல் முதலிரண்டு வகுப்புகளின் வீட்டுப்பாடத்தை நீங்களே நிறுத்துங்கள். வீட்டில் இரவு உணவின்போது கைப்பேசியை ஒதுக்கிவிட்டு, இன்று என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். பிள்ளை சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள்.

ஆதம் (அலை) அவர்களுக்கு இறைவன் முதலில் கற்பித்தது பொருள்களின் பெயர்களை. நம் பிள்ளைகளும் உலகைப் பெயர் சொல்லி அறிந்து, அறிந்ததை அச்சமின்றிச் சொல்லும் மக்களாக வளர வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக. ஆமீன்.