புழு வைக்கும்வரை பார்த்திருப்பதா?

படுக்கையில் கிடந்த முதியவரின் மூக்கிலிருந்தும், சீழ் வடிந்த காதிலிருந்தும் டஜன் கணக்கில் புழுக்களை மருத்துவர்கள் எடுத்தார்கள் என்ற செய்தி அவ்வப்போது வருகிறது. முகம் சுளித்தபடி அதைக் கடந்துவிடுகிறோம். வீட்டாரோ வெளியே தெரிந்தால் கேவலம் என்று மூடி மறைக்கிறார்கள். இந்த அருவருப்பும் வெட்கமும்தான், எளிதில் தடுக்கக்கூடிய ஒரு நோயை இன்னும் வாழவைத்துக்கொண்டிருக்கின்றன.

இந்தியாவில் இதற்குப் பெரிதும் காரணமாக இருப்பது கிரைசோமியா பெசியானா என்ற ஈ. இதன் புழு உயிருள்ள தசையைத் தின்றே வளரும். ஆடுமாடுகளின் புண்களை நாடும் இந்த ஈ, சீழும் ரத்தமும் கசியும் மனிதக் காதையும் மூக்கையும் விட்டுவைப்பதில்லை. ஒரே முறையில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். ஏறத்தாழ ஒரு நாளில் அவை பொரிந்துவிடும். அடுத்த ஒரு வாரம் புழுக்கள் தசையைக் குடைந்துகொண்டே போகும். கவனிக்காமல் விட்டால் அண்ணம் துளைபடலாம். கண்குழிக்கும், மூளையின் உறைக்கும்கூடப் பாதிப்பு பரவலாம்.

ஈ எல்லோர் முகத்திலும்தான் உட்காருகிறது. கையை வீசி விரட்ட முடிந்தவர் தப்பிவிடுகிறார். பக்கவாதத்தில் விழுந்தவர், நினைவிழந்தவர், மனநலம் குன்றித் தெருவில் திரிபவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்கப்பட்டவர் ஆகியோரால் அது முடிவதில்லை. தொழுநோயிலும், பீனிசம் என்ற மூக்கு நோய் முற்றும்போதும் மோப்ப உணர்வு மங்கிவிடுவதால், தன் மூக்கிலிருந்து வீசும் நாற்றம் நோயாளிக்கே தெரியாமல் போகிறது. சீழ் வடியும் காதும் இந்த ஈக்கு வாசலே. உலக சுகாதார நிறுவனம் 2004-இல் வெளியிட்ட அறிக்கை, நாள்பட்ட காது சீழ்நோய் 4 சதவீதத்துக்கும் அதிகமாகக் காணப்படும் நாடுகளின் வரிசையில் இந்தியாவை வைத்தது.

வெப்ப நாட்டில் ஈயை ஒழிக்க முடியுமா, அரசு என்ன செய்யும் என்று சிலர் கேட்கலாம். இதே வகைத் தீங்கைச் செய்யும் வேறோர் ஈயை, மலடாக்கிய ஆண் ஈக்களைப் பெருமளவில் பறக்கவிட்டு அமெரிக்கா தன் மண்ணிலிருந்து விரட்டியது. கண்காணிப்பு தளர்ந்தால் அது திரும்பி வரும் என்பதை, 2023 முதல் மத்திய அமெரிக்க நாடுகளிலும் பின்னர் மெக்சிகோவிலும் அது மீண்டும் பரவியது காட்டிவிட்டது. நம்மிடம் அப்படியொரு திட்டம் இல்லை. ஆகவே நமக்குள்ள ஒரே காப்பு, இயலாதவரை அன்றாடம் பார்த்துக் கவனிப்பதுதான். அதற்கு ஒரு டார்ச் விளக்கும் சில நிமிடங்களும் போதும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து கொடுக்க வீடுவீடாகச் செல்கிறார்கள். படுத்த படுக்கையானவர்களுக்கு வலிநிவாரணச் சிகிச்சையும் இத்திட்டத்தில் அளிக்கப்படுகிறது. அவர்களின் காது, மூக்கு, வாய், தொண்டைக் குழாய் ஆகியவற்றைப் பார்ப்பதையும் இந்த வருகையின் கட்டாயப் பணியாக்க வேண்டும். மருத்துவமனை வார்டுகளிலும் முதியோர் இல்லங்களிலும் சன்னல்களுக்கு வலை அடிக்க வேண்டும். சிகிச்சையில் இருக்கும்போதே ஒருவருக்குப் புழு வைத்தால், அது கவனிப்பில் நேர்ந்த தவறு என்று விசாரிக்கப்பட வேண்டும். கால்நடைகளுக்கும் இதே ஈயால் புழு வைப்பதால், கால்நடைத் துறையும் பொதுச் சுகாதாரத் துறையும் தகவலைப் பகிர்ந்துகொள்வது அவசியம்.

வீட்டாருக்கும் பொறுப்பு உண்டு. மூக்கில் ரத்தம், கன்னத்தில் வீக்கம், துர்நாற்றம், உள்ளே ஏதோ ஊர்வதுபோன்ற உணர்வு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மண்ணெண்ணெயையோ பினாயிலையோ ஊற்றக் கூடாது. அது உட்சவ்வைப் புண்ணாக்கும், மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. புழுக்களை இடுக்கியால் எடுத்து, கழுவி, ஐவர்மெக்டின் போன்ற மருந்து கொடுத்தால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள்.

புழு வைத்தது நோயாளியின் குற்றமல்ல. அவரைப் பார்க்க ஆளில்லாமல் விட்ட குடும்பமும் அரசும்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் எழ முடியாமல் ஒருவர் இருந்தால், இன்றே அவர் காதையும் மூக்கையும் விளக்கடித்துப் பாருங்கள்.