சூப்பிப் போத்தலும் புளியங்குளத்துத் தண்ணீரும்

புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து ஊருக்கு வரும் பொதிகளில் இப்போதெல்லாம் குழந்தைகளுக்கான சூப்பிப் போத்தலும் இடம்பெறுகிறது. புளியங்குளத்தில் எனது உறவினர் வீடொன்றில் அத்தகைய மூன்று போத்தல்கள் உறை பிரிக்கப்படாமல் இருந்தன. மூன்றிலும் 'பிபிஏ அற்றது' என்று பொறிக்கப்பட்டிருந்தது. "இதிலை ஒரு நஞ்சும் இல்லையாம் மாமா, அக்கா கனடாவிலயிருந்து பார்த்துப் பார்த்து வாங்கி அனுப்பினவ" என்றாள் குழந்தையின் தாய்.

அக்காவின் அச்சம் காரணமற்றதல்ல. பிஸ்பீனோல் ஏ என்னும் இரசாயனம் ஈஸ்ட்ரோஜன் சுரப்பைப் போலச் செயற்படக்கூடியது என்பது 1930களிலேயே அறியப்பட்ட விடயம். எனினும் கண்ணாடிபோல் பளபளக்கும் பொலிகாபனேற்று போத்தல்கள் அதிலிருந்தே செய்யப்பட்டுப் பல்லாண்டுகள் குழந்தைகளின் வாய்க்குப் போயின. அவற்றைத் தடைசெய்யப்போவதாகக் கனடா 2008இல் அறிவித்து, 2010இல் அதனைச் சட்டமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2011இலும், அமெரிக்கா 2012இலும் பின்தொடர்ந்தன.

ஆனால் இன்று கடைகளில் மிகுதியாக இருப்பவை பொலிபுரோப்பிலீன் போத்தல்கள். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற இலக்கம் இருக்கும். அந்தப் பிளாஸ்டிக்கைச் செய்வதற்குப் பிஸ்பீனோல் ஏ தேவைப்படுவதே இல்லை. அதன்மேல் 'பிபிஏ அற்றது' என்று எழுதுவது, பிட்டில் முட்டை கலக்கவில்லை என்று விளம்பரம் செய்வது போன்றது. பொய்யில்லை, புதினமும் இல்லை. இந்தப் போத்தல்களில் வேறொரு சிக்கல் உண்டு. டப்ளின் திரித்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, பால்மாவைக் கரைக்கும்போது இவற்றிலிருந்து ஒரு லீற்றருக்கு 1 கோடியே 60 இலட்சம் வரையான நுண்பிளாஸ்டிக் துகள்கள் வெளியேறின. நீரின் சூடு ஏற ஏறத் துகள்களும் பெருகின. அவற்றால் குழந்தைக்கு என்ன தீங்கு என்பது இன்னும் நிறுவப்படவில்லை. என்றாலும், கொதிநீரையும் பிளாஸ்டிக்கையும் சேரவிடாதிருப்பதற்குச் செலவு எதுவுமில்லை.

இனி நான் சொல்ல வந்த விடயம். போத்தலில் இரசாயனம் இல்லை, சரி. அதற்குள் ஊற்றும் தண்ணீரில்? வவுனியா மாவட்டத்தின் பல கிணறுகளில் நீர் கடினமானது. புளோரைட்டும் கூடுதலாக உண்டு. காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவியுள்ள மாவட்டங்களுள் வவுனியாவும் முல்லைத்தீவும் அடங்குகின்றன. நோய்க்குத் தண்ணீர்தான் காரணமா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. ஆனால் மிகையான புளோரைட்டு குழந்தைகளின் பற்களைக் கறைப்படுத்தும் என்பதில் ஐயமில்லை. கொதிக்கவைத்தால் கிருமி சாகும்; புளோரைட்டு போகாது. நீர் வற்ற வற்ற அது செறிவதே நடக்கும். தாய் குடிக்கும் நீரில் புளோரைட்டு மிகுந்திருந்தாலும் தாய்ப்பாலில் அது மிகச் சொற்பமாகவே சேர்கிறது. தொரன்ரோவின் குழாய் நீரை மனதில் வைத்துப் போத்தல் தெரிவு செய்பவருக்கு இது தோன்றாதது இயல்பே.

பால்மாவை நம்பியிருப்பது என்னவென்று வன்னி மக்களுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2009 ஏப்ரல் 8 அன்று அம்பலவன்பொக்கணையில் பால்மாவுக்காக வரிசையில் நின்ற பெண்கள்மீதும் குழந்தைகள்மீதும் எறிகணைகள் வீழ்ந்தன. இறந்த தாய்மாரிற் சிலர் பால்மாவுக்குரிய அட்டையைக் கையில் பற்றியபடியே கிடந்தனர் என்பதை ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கை 2011இல் பதிவுசெய்தது.

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று மருத்துவமாது சொல்கிறார். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்ணுக்குச் சட்டம் தரும் பிரசவ விடுமுறையோ 12 வாரம். எஞ்சிய மாதங்களில் போத்தலைக் கையிலெடுக்கும் தாயைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. கேள்வி கேட்கப்பட வேண்டியவர்கள் விடுமுறையை நிர்ணயிப்பவர்களும், வேலைத்தலத்தில் பால் பீய்ச்சி எடுத்து வைக்க ஒரு மறைவிடம்கூடக் கொடுக்காத முதலாளிமாருமே.

ஆகவே பொதி அனுப்பும் அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை போத்தலுக்கான பணத்தை, வடிகட்டிய நீர் வாங்கவோ, வீட்டுக் கிணற்று நீரைப் பரிசோதிக்கவோ அனுப்புங்கள். பால்மா தவிர்க்க முடியாததாயின், அந்த வடிகட்டிய நீரையும் கொதிக்கவைக்க வேண்டும். பால்மாவிலேயே கிருமி இருக்கக்கூடும் என்பதால் 70 பாகைக்குக் குறையாத சூட்டில் கரைக்கும்படி உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதைச் சில்வர்ப் பாத்திரத்தில் கரைத்து, உடற்சூட்டுக்கு ஆறிய பின்னர் போத்தலில் ஊற்றலாம். போத்தலே வேண்டுமென்றுமில்லை. மூலைமுடுக்கில் அழுக்குத் தங்காத சிறு கிண்ணத்தால் பச்சைக் குழந்தைக்கும் பால் புகட்டலாம். மருத்துவமாதைக் கேட்டால் பழக்கிவிடுவார். அந்தக் கிண்ணம் வவுனியாச் சந்தையிலேயே கிடைக்கும்.